ரேண்டம் போட்டால் புள்ளி ஏன் துள்ளுகிறது?

கோட் எழுதிப் படம் வரைய உதவும் ஜாவாஸ்க்ரிப்ட் லைப்ரரியான பி5.ஜேஎஸ்ஸில் ஒரு புள்ளியை மின்மினி மாதிரி அலையவிட வேண்டும், ஆனால் இடத்துக்கு ரேண்டம் (ஏதோ ஒரு எண்ணைத் தரும் ஃபங்ஷன்) போட்டால் வெறி பிடித்த மாதிரி துள்ளுகிறது என்கிறீர்கள். துள்ளத்தான் செய்யும். படத்தை வரையும் ட்ரா ஃபங்ஷன் வழக்கமாக நொடிக்கு 60 தடவை ஓடும். ஒவ்வொரு தடவையும் ரேண்டம் புதிதாகச் சீட்டுக் குலுக்குகிறது. முன்பு எங்கே இருந்தோம் என்ற ஞாபகமே அதற்குக் கிடையாது.

உங்களுக்கு வேண்டியது நாய்ஸ் என்ற ஃபங்ஷன். இதன் அடிப்படை, கணினி விஞ்ஞானி கென் பெர்லின் 1980-களில் உருவாக்கியது. 1997-இல் அதற்கு ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதே கொடுத்தார்கள். அடுத்தடுத்த எண்ணைக் கொடுத்தால் கிட்டத்தட்ட அதே விடை, சற்றே நகர்ந்து வரும். டி என்று ஒரு வேரியபிள் வைத்து, ஃப்ரேமுக்கு (ட்ரா ஓடும் ஒவ்வொரு தடவைக்கும்) 0.01 கூட்டி, அதை நாய்ஸுக்குக் கொடுங்கள். விடை 0-க்கும் 1-க்கும் நடுவில் இருக்கும். எக்ஸுக்குக் கேன்வாஸ் அகலத்தாலும் ஒய்க்கு உயரத்தாலும் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எக்ஸுக்கும் ஒய்க்கும் ஒரே டியைக் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன், புள்ளி மூலைக்கு மூலை ஒரே கோட்டில் போய்வந்ததை ஒரு சாயங்காலம் முழுக்க முறைத்துக்கொண்டிருந்தேன். ஒய்க்கு டியோடு 1000 சேருங்கள், தீர்ந்தது.

கேன்வாஸை நிறத்தால் மூடும் பேக்ரவுண்டை ட்ராவிலிருந்து, தொடக்கத்தில் ஒரே தடவை ஓடும் செட்டப்புக்கு மாற்றினால் தடம் அழியாமல் படியும். மவுஸ் இடவலமாக எங்கே இருக்கிறது என்று சொல்லும் மவுஸ்எக்ஸை வைத்து அந்த 0.01-ஐக் கூட்டிக் குறைத்தால், கை நகர நகர மின்மினி வேகம் பிடிக்கும்.