காய்ச்சல் விட்ட நாள்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 38 வயது. திருகோணமலை உப்புவெளியில் மாமியின் வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். மகனுக்கு 14, மகளுக்கு 9. கணவர் 2017இல் டெங்குவில் தவறிவிட்டார். அப்போது மகள் ஐந்து மாதக் கைக்குழந்தை.

மாமிக்கு என்னைப் பிடிக்காது. கலியாணம் முடித்த நாளிலிருந்தே பிடிக்காது. நான் தைக்கிற காசில்தான் வீடு ஓடுகிறது, ஆனாலும் வாறவர் போறவரிடம் "மகனைக் குடுத்திட்டு மருமகளைப் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்பா. கணவரின் தம்பி கொண்டுபோன காணி உறுதி இன்னும் திரும்பி வரவில்லை. பிடித்த சீட்டும் இடையில் நின்று ஒன்றரை லட்சம் போய்விட்டது.

சாத்திரியாரிடம் போனேன். மகள் மூல நட்சத்திரத்தின் முதலாம் பாதமாம், தகப்பனுக்கு ஆகாதாம். வீட்டுக் கஷ்டமெல்லாம் அந்தச் சாதகத்தாலேயாம். இப்போது ராசிக்கு நாலாம் இடத்துச் சனி, அர்த்தாட்டமச் சனியும் சேர்ந்திருக்காம், முற்பிறப்புக் கர்மாவை அனுபவித்துத்தான் தீர்க்கவேணுமாம். மூன்று தடவை சாந்தி செய்தாயிற்று, கடைசித் தடவை மட்டும் 45,000 ரூபா. நான் யாருக்கும் ஒரு தீங்கும் நினைத்ததில்லை. மாமி உட்பட. ஏன் எனக்கு மட்டும் இப்படி?

மகளை மாமி "தகப்பனைத் தின்னி" என்று சொல்லுவா. நான் வாய் திறப்பதில்லை, திறந்தால் சண்டைதான். ஆடி அமாவாசைக்கு, தகப்பனுக்கான விரதச் சமையலுக்குக் காத்தோட்டிக்காய் நறுக்க மகள் கத்தியை எடுத்தால் மாமி பறித்துவிடுவா. (போன மாதம் மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது, மகள் அறை வாசலிலேயே நின்று "அம்மா, நான் உள்ள வந்தா அண்ணாவுக்குக் கூடுமா?" என்று கேட்டாள். அந்த டெங்குவில் கணவர், காய்ச்சல் விட்ட அன்று ஆஸ்பத்திரிக்குப் போவம் என்றவர். பிள்ளை ஓயாமல் அழுததால் நான்தான் நாளைக்குப் போவம் என்றேன். அதெல்லாம் பழைய கதை.)

காணி உறுதிக்கு என்ன வழி? மாமியோடு எப்படிக் காலம் தள்ளுவது? இந்தக் கர்மா எப்போது தீரும்?

– உப்புவெளியில் ஒரு தாய்

*

அன்புச் சகோதரி,

பதிவு செய்த உறுதியென்றால் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். சட்டத்தரணி ஒருவரைப் பிடியுங்கள், அதற்குக் கிரகம் தேவையில்லை. சீட்டுக்காசை இங்கே விட்டுவிடுகிறேன். அடைப்புக்குறிக்குள் போட்டு மூடினீர்களே, அந்தச் சில வரிகளுக்குத்தான் இந்தப் பதில்.

சாத்திரத்தை அதன் கணக்கிலேயே பார்ப்போம். ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலை, ஒரு பாதம் அதில் கால்வாசி. அதைக் கடக்கச் சந்திரனுக்கு ஏறக்குறைய ஆறு மணித்தியாலம். அந்த ஆறு மணித்தியாலத்தில் உலகமெங்கும் பிறந்த அத்தனை பிள்ளைகளும் மூலம் முதலாம் பாதம்தான். அத்தனை தகப்பன்மாரும் போய்விட்டார்களா? சாதகத்தில் ஒன்பதாம் இடத்தையும் சூரியனையும் வைத்துத் தகப்பனைப் பார்ப்பது, தகப்பன் வழியில் அந்தப் பிள்ளைக்கு என்ன வாய்க்கும், என்ன வாய்க்காது என்று அறியத்தான். பஞ்சாங்கத்தில் அமாவாசை என்று அச்சடித்ததாலா சந்திரன் மறைகிறது? மூல சாந்தியும், பிறந்த நட்சத்திரம் திரும்பி வரும் ஏறக்குறைய 27ஆம் நாளில் ஒரு தடவை செய்துவிடுவது. மூன்றாம் தடவைக்கு 45,000 வாங்கியவர் பார்த்தது உங்கள் பயத்தை. மூலத்தில் பிறந்தவளுக்குத் தொடக்கம் கேது தசை, அது கூடினால் 7 வருடம். ஒன்பது வயதுக்காரி இப்போது 20 வருடச் சுக்கிர தசையில் இருக்கிறாள். அதைச் சொன்னாரா?

சைவ சித்தாந்தம் இதில் இன்னும் கறார். வினை சடம், அறிவற்றது, தானாக நடந்துபோய் எவரையும் பிடிக்காது. செய்தவரிடம் அதைச் சேர்ப்பவன் இறைவன். பல பசுக்களுக்குள் விட்டாலும் கன்று தன் தாயைத்தான் தேடிப்போகும் என்று பழவினைக்கு நாலடியார் உவமை சொல்கிறது. பக்கத்து மாட்டிடம் அது போவதில்லை. உங்கள் கணவரின் ஆயுள் அவருடைய பிராரத்தம், இந்தப் பிறப்பில் அனுபவிக்க வந்த வினை. அப்பா முகம் தெரியாமல் வளர்வது மகளுடையது, அதை அவள் அனுபவித்துக்கொண்டுதான் இருக்கிறாள். தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளையையே பிடித்துக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள்.

இனி அந்த "நாளைக்குப் போவம்". டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்து. சூடு தணியும்போது இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கி 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். வீட்டார் "அப்பாடா" என்று இருப்பார்கள், உள்ளே இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும். கடும் வயிற்றுநோ, விடாத வாந்தி, கைகால் குளிர்வது, சலம் போவது குறைவது, இவைதான் அடையாளம். 2017இல் இலங்கை முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு. உங்கள் பக்கத்துக் கிண்ணியாவில் அந்த வருடத் தொடக்கத்திலேயே பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். காய்ச்சல் விட்டதைச் சுகமென்று நம்பி ஏமாந்த வீடுகள் அநேகம். நீங்கள் நாளைக்கு என்றது பிழை. அதைப் பாவமாக்காதீர்கள். அன்றே போயிருந்தால் தப்பியிருப்பார் என்றும் சொல்ல முடியாது, தப்பியிருக்கமாட்டார் என்றும் சொல்ல முடியாது. அந்தப் பதில் கிடைக்காமலே நீங்கள் இருக்கப் பழகவேண்டும்.

கோபிக்காதீர்கள், மகளின் சாதகம் உங்களுக்கு வசதியாகிவிட்டது. குற்றம் மூலத்தின் மேல் இருக்கும்வரை அந்த "நாளைக்கு" உங்களைக் குத்தாது. எழுதும்போதுகூட "பிள்ளை ஓயாமல் அழுததால்" என்றுதான் எழுதுகிறீர்கள், அங்கேயும் அவள் தலையில்தான். மாமி வாய்விட்டுச் சொல்வதை நீங்கள் பேசாமலிருந்து சொல்கிறீர்கள். அறை வாசலில் நின்ற பிள்ளைக்கு இரண்டும் கேட்டிருக்கிறது.

கர்மா எப்போது தீரும் என்று கேட்டீர்கள். சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று வினை மூன்று. சஞ்சிதம் சேர்ந்து கிடக்கும் பழவினை. சாத்திரியார் விரல்விட்டு எண்ணுவது பிராரத்தத்தை. ஆகாமியம் இன்றைக்குச் செய்து சேர்ப்பது. அது உங்கள் குசினியிலும் அந்த வாசலிலும் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டிருக்கிறது.

மகளை எதிரே இருத்திவைத்துப் பேசவேண்டாம், பயந்துவிடுவாள். தலை பின்னிவிடும்போது சொல்லுங்கள்: "அப்பாவுக்கு வந்தது நுளம்பு கடிச்சு வந்த காய்ச்சல். நீ குட்டிப் பிள்ளை, நீ ஒண்டும் செய்யேல்ல. அண்ணாவுக்குக் காய்ச்சல் வந்தாலும் நீ உள்ள வரலாம்." இந்த வயதுப் பிள்ளைகள் கெட்டது நடந்தால் தங்களால்தான் என்று எடுத்துக்கொள்வதுண்டு, ஒரு தடவை சொன்னால் ஒட்டாது. பல நாள் சொல்லவேண்டும், மகன் காதிலும் விழவேண்டும். அப்படியும் ஒதுங்கியே நின்றாலோ, நித்திரை குழம்பினாலோ பெரியாஸ்பத்திரி உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். "நாளைக்கு" வேண்டாம்.

மாமியிடம் தனியாகப் பேசுங்கள். அவவும் பிள்ளையைப் பறிகொடுத்தவதான். அந்த "நாளைக்கு" பற்றி நீங்களாகவே அவவிடம் சொன்னால் முதலில் வெடிப்பா, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் "தின்னி" என்ற சொல் இனி அந்த வீட்டில் வரக்கூடாது, அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. வருகிற ஆடி அமாவாசைக்குக் காத்தோட்டிக்காயை மகளே நறுக்கட்டும். மாமி கத்தியைப் பறித்தால், வாங்கித் திரும்ப அவள் கையில் கொடுங்கள்.