கொள்ளைநோயும் தகவல் தொடர்புக் கோட்பாடும்: கேள்வி பதில்

தொண்டி, கல்லூரி மாணவி: கோட்பாடு முதலா, நெருக்கடி முதலா சார்?

பல நேரம் நெருக்கடிதான்மா. 1950களில் அமெரிக்காவில் காசநோய் கண்டறிய இலவச எக்ஸ்ரே வண்டிகளைக் குடியிருப்புகளுக்கே கொண்டுபோனார்கள். எதிர்பார்த்த கூட்டம் இல்லை. ஹாக்பாம் என்ற உளவியலாளர் மக்களிடமே போய்க் கேட்டார். தனக்கும் இந்நோய் வரலாம், சீக்கிரம் கண்டுபிடித்தால் பலன் உண்டு என்று நம்பியவர்களே அதிகம் வந்திருந்தார்கள். ‘சுகாதார நம்பிக்கை மாதிரி’ (Health Belief Model) என்ற கோட்பாடு அங்கிருந்து வளர்ந்தது. ‘மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதே. வராதவரைத் தேடிப்போய்ப் பேசு.

பாம்பன்: வாட்ஸ்அப் வதந்தியை நிறுத்துவது எப்படி?

யார் அனுப்பினார் என்று பாருங்கள். 1940 அமெரிக்கத் தேர்தல் ஆய்விலேயே, வானொலியைவிடத் தெரிந்த மனிதரின் பேச்சு அதிகம் எடுபட்டது தெரிந்தது. மறுப்பும் அப்படி ஒருவர் வாயால் வரட்டும்.

கீழக்கரை: சுகாதார அறிவுரை மதச் சடங்கோடு மோதினால்?

மோதக் கூடாது. 2014 எபோலாவில் மேற்கு ஆப்பிரிக்காவில் மய்யித்தை (இறந்தவர் உடலை) குளிப்பாட்டுவது தொற்றைப் பரப்பியது. கவச உடைக்காரர்கள் உடலை எடுத்துப் போனதும் குடும்பங்கள் மறைக்கத் தொடங்கின. மதத் தலைவர்களோடு பேசி அந்த நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த நெறிமுறையில் தயம்மும் (தண்ணீர் இல்லாமல் மண்ணைக் கொண்டு செய்யும் தூய்மைச் சடங்கு) செய்ய வழி இருந்தது. குடும்பத்தாரும் அடக்கத்தில் பங்கெடுக்க முடிந்தது.

மண்டபம்: பயம் காட்டினால்தான் நம்ம ஆட்கள் கேட்பார்கள் அண்ணே.

பயம் மட்டும் போதாது தம்பி. தகவல் தொடர்பு ஆய்வாளர் கிம் விட்டே 1992இல் விளக்கியது இதுதான்: ஆபத்து பெரிது, தன்னால் எதுவும் முடியாது என்று தோன்றினால் மனிதர் ஆபத்தை விட்டுவிட்டுப் பயத்தைச் சமாளிப்பார். ‘அப்படி ஒரு நோயே இல்லை’ என்பார்.

தேவிபட்டினம்: தடுப்பூசி போட்டால் காய்ச்சல் வருமா?

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேளுங்கள்.

மண்டபம் மறுபடியும்: புயல் கூண்டு பயம்தானே? வேலை செய்கிறதே!

கூண்டு ஏறினால் கடலுக்குப் போகாதே, படகைக் கரையேற்று. செய்ய வேண்டியது தெரியும், முடியும். கொரோனாவில் ‘விலகியிரு’ என்றோம். ஓர் அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் எங்கே விலகுவது? நான் சொன்ன கோட்பாடுகளிலும் இங்கேதான் ஓட்டை. ஒற்றை ஆள் தனக்காக முடிவெடுப்பதாக அவை நினைக்கின்றன. நம் கரையில் முடிவு வீட்டுக்கு உரியது, சில ஊர்களில் ஜமாத்துக்கோ ஊர்க் கமிட்டிக்கோ உரியது. புதுக் கோட்பாடு எழுத வேண்டிய இடம் அது.

ராமேஸ்வரம்: வாட்ஸ்அப் வதந்தி...

பாம்பன்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மண்டபம்: சரி, அந்த ஆறு பேரிடம் என்ன சொல்லியிருக்கணும்?

சொல்வதற்கு முன் கேட்டிருக்க வேண்டும்: காய்ச்சல்காரர் திண்ணையில் படுக்க முடியுமா, சோறு யார் கொடுப்பார், வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி யார் தருவார் என்று.