ஆத்தங்குடி டைல்ஸ் எஸ்விஜி: ஸ்மில் அசைவுகளை மாற்றி எழுத வேண்டுமா?

உங்கள் கடைத் தளத்தில் உள்ள ஆத்தங்குடி டைல்ஸ் பூப் படம் (எஸ்விஜி என்னும், நிரலால் வரையப்படும் பட வடிவம்) சொடுக்கியும் விரியவில்லை என்றும், படத்துக்கு அசைவு தரும் ஸ்மில் என்னும் குறிமொழி கைவிடப்படுவதாக ஓர் எச்சரிக்கையைப் படித்ததால் அசைவுகளை மாற்றி எழுத வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். மாற்றி எழுத வேண்டியதில்லை. ஸ்மில் அசைவுகளைக் கைவிடப்போவதாகக் குரோம் உலாவிக் குழு 2015இல் அறிவித்தது உண்மைதான்; ஆனால் சிஎஸ்எஸ்ஸில் (வலைப்பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியில்) அவற்றுக்கு முழுமையான மாற்று இல்லை என்று வலை உருவாக்குநர்கள் வெளிப்படையாக வாதிட்டதைத் தொடர்ந்து, 2016இல் அம்முடிவை நிறுத்திவைத்தது. நீங்கள் படித்த எச்சரிக்கை அந்த இடைக்காலத்தது.

உங்கள் காரைக்குடிக் கடைத் தளத்தில் டைல்ஸ் பூ, சொடுக்கியும் விரியாததற்கு, எஸ்விஜி கோப்பை இமேஜ் குறிச்சொல்லில் (<img>) சேர்த்திருப்பதே காரணமாக இருக்கலாம்; அவ்வாறு சேர்த்த படத்துக்குள் சொடுக்கு சென்று சேராது. கோப்பை மட்டும் உலாவியில் தனியே திறந்து சொடுக்கிப் பாருங்கள். அங்கே விரிந்தால், எஸ்விஜி நிரலைப் பக்கத்துக்குள்ளேயே நேரடியாக இடுங்கள்.

நிறுத்திவைப்பு நிரந்தர உறுதி அன்று. நிறம் மாறுதல், சுழலுதல் போன்ற எளிய அசைவுகளை இனிப் புதிதாக எழுதும்போது சிஎஸ்எஸ்ஸிலேயே எழுதிவிடுங்கள்.