எழும்பூர், பெரியமேடு லாட்ஜில் ஒரு ராத்திரி: கேள்வி பதில்

சென்னையில் ஒரு ராத்திரி தங்க வேண்டும், வாடகையும் கையைக் கடிக்கக் கூடாது என்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. எழும்பூர், சென்ட்ரல், திருவல்லிக்கேணிப் பக்கத்து லாட்ஜுகளை மனதில் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

மதுரைக்காரர்: அண்ணே, பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து விடியற்காலை எழும்பூரில் இறங்குவேன். அன்று ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் காலையில் கிளம்பணும். ஆப்பில் பார்த்தால் எல்லாமே பகல் 12 மணி செக் இன். ஒரு ராத்திரிக்கு ரெண்டு நாள் வாடகை கொடுக்கணுமா?

பதில்: வேண்டாம். வாடகையைக் கேட்பதற்கு முன்னால் "24 மணி நேர செக் அவுட்டா, 12 மணி செக் அவுட்டா?" என்று கேளுங்கள். 24 மணி நேர லாட்ஜில் காலை 5:40-க்கு ரூம் எடுத்தால் மறுநாள் 5:40 வரை உங்களுடையது. 12 மணிக் கணக்கு என்றால் விடியற்காலையில் நுழைந்ததே முந்தைய நாள் கணக்கில் போய்விடும், பகல் 12 அடித்ததும் அடுத்த நாள் வாடகை ஆரம்பம்.

இன்னொன்று, ஒரே லாட்ஜிலேயே நேரில் போனால் 24 மணி நேரமும், ஆப் வழியாகப் போனால் 12 மணிக் கணக்கும் இருக்கலாம். அதனால் விடியற்காலை வண்டிக்காரர்களுக்கு நேரில் போய் எடுப்பதுதான் லாபம். மதியத்துக்கு மேல் வருகிறவர்கள் ஆப்பில் போடலாம். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போது அவர்கள் எழுதியிருக்கும் நேரத்தைப் பாருங்கள். 5:40-க்கு வந்தவருக்கு 5:00 என்று எழுதுவதும் உண்டு. மறுநாள் அந்த 40 நிமிடத்துக்குத்தான் தகராறு வரும்.

குளித்து உடை மாற்ற மட்டும் இடம் வேண்டுமென்றால் ரயில்வே ஓய்வறையைப் பாருங்கள். ஐஆர்சிடிசி தளத்தில் உங்கள் டிக்கெட்டின் பிஎன்ஆர் போட்டால் பதிவு செய்யலாம். டிக்கெட் உறுதியாகியிருக்க வேண்டும், அல்லது ஆர்ஏசியில் இருக்க வேண்டும்.

விற்பனைப் பிரதிநிதி, சேலம்: எந்த ஏரியாவில் எடுப்பது நல்லது சார்?

பதில்: மறுநாள் காலை எங்கே போக வேண்டுமோ, அதைப் பொறுத்தது. எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே கென்னட் லேனில் லாட்ஜுகள் வரிசையாக இருக்கும். ஒன்று பிடிக்காவிட்டால் நடந்தே நாலு பார்க்கலாம். சென்ட்ரலில் வண்டி என்றால் பெரியமேடு, வால்டாக்ஸ் ரோடு. இதில் பெரியமேடு கொஞ்சம் அமைதி, வால்டாக்ஸ் ரோட்டில் லாரிச் சத்தம் இருக்கும். சென்ட்ரலுக்கு எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனைக்கு வருபவர்களுக்கும் இதே இடங்கள்தான் பக்கம். திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் பெரும்பாலும் மாத வாடகைக்காரர்களுக்கானவை. ஒரு ராத்திரிக்குக் கிடைத்தாலும் பாத்ரூம் பொதுவாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

தென்மாவட்டப் பஸ்ஸில் வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு, பஸ் கோயம்பேடு வரை வரும் என்ற பழைய கணக்கு செல்லாது. வேலை தாம்பரம் பக்கம் என்றால் ஊருக்குள் வராமல் அங்கேயே தங்கிவிடுங்கள்.

ஆட்டோக்காரர் "அந்த லாட்ஜ் ஃபுல் சார், வேற இடம் காட்டுறேன்" என்றால் நம்பாமல் நீங்களே போன் செய்து கேளுங்கள். அவர் கமிஷனும் உங்கள் வாடகையில்தான் ஏறும்.

ஒரு வாசகி: ரூமைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள் என்கிறார்கள். உள்ளே போய் என்ன பார்ப்பது?

பதில்: ஐந்து நிமிடம் போதும். ரூம் பாய் வாசலில் நிற்கட்டும், வெட்கப்பட வேண்டாம்.

முதலில் கட்டில். தலைமாட்டுப் பக்கம் பெட்ஷீட்டை உருவி, மெத்தையின் தையல் ஓரத்தை விரலால் விரித்து, மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். பேனா மையால் புள்ளி வைத்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக இருந்தால் மூட்டைப்பூச்சி இருக்கிறது. சந்தேகமென்றால் ஈர விரலால் தேய்க்கலாம், பூச்சியின் கழிவு என்றால் பழுப்பாக இழுபடும். வளர்ந்த பூச்சி 5 மில்லிமீட்டர்தான் இருக்கும், பகலில் வெளியே வராது. மெத்தையில் மட்டுமல்ல, கட்டிலின் மரச்சட்ட இணைப்பிலும் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னாலும் ஒளியும். பெட்ஷீட் வெள்ளை வெளேரென்று இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புள்ளி தெரிந்தால் பக்கத்து ரூமுக்கு மாறிப் பயனில்லை, சுவர் விரிசல் வழியாக அங்கேயும் போயிருக்கலாம். வேறு லாட்ஜுக்குப் போவதுதான் சரி.

அடுத்து ஜன்னல். திறந்து பாருங்கள். வெளியே பார்க்கிறதா, வராந்தாவைப் பார்க்கிறதா? வராந்தா ஜன்னல் என்றால் ராத்திரி முழுக்க டியூப்லைட் வெளிச்சமும் செருப்புச் சத்தமும்தான்.

ஏசி ரூம் என்றால் போட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் குளிர் தெரிய வேண்டும். ஈரத்துணி வாடை வந்தால் ஃபில்டர் கழுவி நாளாயிற்று. ஏசிக்குக் கீழே சுவரில் நீர்க்கறை இருந்தால் தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்கிறது, நள்ளிரவில் சொட்டும். கட்டில் அதற்கு நேர் கீழே இருந்தால் அந்த ரூம் வேண்டாம்.

பிறகு ஃபிளஷ், குழாய், கட்டிலுக்குப் பக்கத்துப் பிளக்பாயிண்டில் உங்கள் சார்ஜர்.

அதே வாசகி: எடுத்த பிறகு ராத்திரிதான் பூச்சி தெரிந்தது என்றால்?

பதில்: பையைக் கட்டிலிலோ தரையிலோ வைக்காமல் மேசை மேல் ஜிப் போட்டு வையுங்கள். மூட்டைப்பூச்சி பறக்காது, குதிக்காது, ஊர்ந்துதான் பைக்குள் போகும். வீட்டுக்குப் போனதும் பையை வாசலிலேயே பிரித்து, துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்.

நெய்வேலி நண்பர்: "24 மணி நேரமும் ஹாட் வாட்டர்" என்று போர்டு போட்டிருந்தும் ஒரு பக்கெட்டோடு நின்றுபோகிறதே, ஏன்?

பதில்: பாத்ரூமில் தொங்குவது எது என்று பாருங்கள். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் என்றால் குழாயை மெல்லிய தாரையாகத் திறந்தால்தான் சூடு வரும், முழுக்கத் திறந்தால் பச்சைத் தண்ணீர்தான். 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் என்றால் சுவிட்ச் போட்டு 20 நிமிடம் காத்திருங்கள். 60 டிகிரியில் 15 லிட்டர் சுடுநீரைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால் குளிக்கும் பதத்தில் 40 லிட்டர் வரும், அதாவது இரண்டு பக்கெட். இருவர் அடுத்தடுத்துக் குளிப்பதென்றால் ஒருவர் குளித்து முடித்ததும் சுவிட்சை மறுபடி போட்டுவிடுங்கள். ஆனால் குளிக்கும்போது கட்டாயம் அணையுங்கள், பழைய கட்டடத்தில் எர்த்தை நம்ப முடியாது. கீசரே இல்லாமல் மாடித் தொட்டியிலிருந்து வருவதென்றால் பெரும்பாலும் காலையில் மட்டும்தான் விடுவார்கள், எத்தனை மணிக்கு என்று ராத்திரியே கேட்டு வையுங்கள்.

பெயர் வேண்டாம்: ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது. கல்யாணமாகாத இருவருக்கு ரூம் கொடுப்பார்களா?

பதில்: ஆதார் தளத்திலேயே கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை இறக்கிக்கொள்ளலாம். அதை ஏற்காவிட்டால் டிரைவிங் லைசென்ஸ் அல்லது வாக்காளர் அட்டை கொடுங்கள். ஜெராக்ஸின் குறுக்கே "லாட்ஜ் பதிவுக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிவிடுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு: வயது வந்த, கல்யாணமாகாத இருவர் ஒரே ரூமில் தங்குவது குற்றமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில், கோவை விடுதி ஒன்றுக்குச் சீல் வைத்த வழக்கில் சொல்லிவிட்டது. ஆனாலும் பல லாட்ஜ் மேனேஜர்கள் மறுப்பார்கள், சென்னை முகவரி உள்ள அட்டையைப் பார்த்தாலும் மறுப்பார்கள். கவுண்டரில் நின்று வாதாடிப் பயனில்லை, போனிலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணை, இலங்கைப் பாஸ்போட் எண்டதும் ரூம் இல்லை எண்டு சொல்லிப்போட்டினம். ஏன் அப்பிடி?

பதில்: உங்கள் மேல் குறையில்லை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் லாட்ஜ்காரர் அவர் விவரத்தை ஆன்லைனில் அரசுக்கு ஏற்ற வேண்டும், பேச்சு வழக்கில் இதுதான் சி ஃபாரம். அதற்குப் பதிவு வாங்காத சின்ன லாட்ஜுகள் "ஃபுல்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும். போனில் முதல் கேள்வியே "சி ஃபாரம் போடுவீங்களா?" என்று இருக்கட்டும். மகாபோதி சங்கம் கென்னட் லேனில் இருப்பதால் இலங்கை யாத்ரீகர்கள் அந்தத் தெருவுக்குப் பழக்கம், முதலில் அங்கே முயலுங்கள். பாஸ்போர்ட், விசா இரண்டின் ஜெராக்ஸும் கொண்டுபோங்கள். ஒரிஜினலைக் கவுண்டரில் விட்டுவிட்டு வராதீர்கள்.

விற்பனைப் பிரதிநிதி, சேலம்: ஆபீஸில் கொடுக்க பில் வேண்டும். 1,500 ரூபாய் ரூமுக்கு 180 ரூபாய் ஜிஎஸ்டி கேட்கிறார்களே?

பதில்: அது பழைய 12 சதவீதக் கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 5 சதவீதம்தான், அதாவது 75 ரூபாய். பில்லில் மத்திய ஜிஎஸ்டி, மாநில ஜிஎஸ்டி என 37.50 வீதம் இரண்டாகப் பிரித்துக் காட்ட வேண்டும். 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும், தமிழ்நாட்டு எண் 33-ல் தொடங்கும். எண் இல்லாத துண்டுச் சீட்டில் ஜிஎஸ்டி வாங்க அவர்களுக்கு உரிமையில்லை.

போட்டித் தேர்வு எழுதும் தங்கை: அண்ணா, தனியாக வருகிறேன். என்ன கவனிக்கணும்?

பதில்: பட்ஜெட் கொஞ்சம் தாங்கும் என்றால் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள ஒய்டபிள்யூசிஏ விருந்தினர் இல்லத்தை முதலில் கேளம்மா. லாட்ஜ்தான் என்றால், கதவின் உள்தாழ்ப்பாள் முழுசாக ஓட்டைக்குள் போகிறதா என்று பார். பழைய கதவு இறங்கிப்போய் நுனி மட்டும் மாட்டிக்கொண்டிருக்கும், தோளால் இடித்தால் திறந்துவிடும். வெளியே நாதாங்கி இருந்தால் சொந்தப் பூட்டுப் போடு, லாட்ஜ் பூட்டுக்கு இன்னொரு சாவி கவுண்டரில் இருக்கும். லைட்டை அணைத்துவிட்டு, கட்டிலையும் பாத்ரூமையும் பார்த்தபடி இருக்கும் பிளக்பாயிண்ட், கடிகாரம், புகை உணர்கருவி மேல் டார்ச் அடி. ஊசிமுனை அளவு மினுமினுப்பு தெரிந்தால் ரூமை மாற்று.

கும்பகோணம் அம்மா: கண் ஆபரேஷனுக்கு அப்பாவைக் கூட்டி வருகிறோம். எந்த மாடி எடுக்கலாம்?

பதில்: முதல் மாடி. லிஃப்ட் இருக்கிறது என்றாலும் வாசலில் நாலைந்து படி ஏறித்தான் லிஃப்டுக்கே போக வேண்டிய கட்டடங்கள் நிறைய உண்டு அம்மா, கேட்டுக்கொள்ளுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் அந்த ரூமிலேயே இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

எந்த வயதினருக்கும் உயர மாடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2019-ல் டெல்லி கரோல் பாக் ஹோட்டல் தீயில் 17 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையில் மூச்சுத் திணறித்தான். நம் லாட்ஜுகளிலும் ஜன்னலுக்குக் கம்பி, ஒரே படிக்கட்டு. உங்கள் கதவிலிருந்து படிக்கட்டு வரை இடையில் எத்தனை கதவு என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள், புகையில் கண் தெரியாது.

மதுரைக்காரர்: விடியற்காலை 4 மணிக்குக் காலி செய்தால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஆனால் அந்நேரம் கவுண்டரில் இருக்கும் பையன் "சில்லறை இல்லை, மேனேஜர் எட்டு மணிக்கு வருவார்" என்பான். ராத்திரி 10 மணிக்கே மேனேஜரிடம் சொல்லி, கணக்கை முடித்து, மீதியை ஜிபேயில் வாங்கிவிடுங்கள். காலையில் ரூம் பாய் டவல், ரிமோட் பார்த்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு நேரே வண்டிக்குப் போகலாம்.