டார்ச் அடித்தால் மருந்து தெரியுமா?

கேள்வி: மலேசியாவின் தாப்பாவிலிருந்து எழுதுகிறேன். தோட்டத்தில் இருபது வருடம் மருந்து அடித்தவள் நான். போன வாரம் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒருவர், கீரையை ஸ்பிரிட்டில் கசக்கி ஊதா டார்ச் அடித்தார். சாறு சிவப்பாக மின்னியது. "இதுதான் பூச்சிமருந்து, இந்த டார்ச் சென்சார்" என்றார். 129 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கிவிட்டேன். வீட்டில் மூன்று தண்ணீர் கழுவிய பிறகும் அதே சிவப்பு. கீரையைச் சாப்பிடலாமா?

பதில்: எத்தனை தண்ணீர் கழுவினாலும் அது போகாது அம்மா. மின்னியது கீரையின் பச்சையம். மருந்தே படாத கொல்லைக் கீரையிலும் அப்படித்தான் மின்னும். மஞ்சள் தூளை ஸ்பிரிட்டில் கரைத்து அடித்துப் பாருங்கள், பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். டானிக் வாட்டர் நீலமாக ஒளிரும், அதிலுள்ள கொய்னா (குவினைன்) என்ற கசப்புப் பொருளால். நான் கள்ள நோட்டு பார்க்கும் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். கீரையைவிட என் வெள்ளைச் சட்டைதான் அதிகம் மின்னியது. சோப்புத்தூள் செய்த வேலை!

ஒளிரும் சென்சார் என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. ஆனால் அதில் வேலை செய்வது டார்ச் அல்ல, சேர்க்கும் ரசாயனம். ஒரு வகையில், நரம்புக்கு வேண்டிய ஒரு நொதியை வைத்து ஒளியை உண்டாக்குகிறார்கள். ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை மருந்து இருந்தால் நொதி முடங்கும், ஒளி மங்கும். உங்களிடம் சொன்னதற்கு நேர் எதிர்! மற்ற வகை மருந்துகள் பல இதில் சிக்காது. அளவைத் துல்லியமாகச் சொல்ல ஆய்வுக்கூடம்தான் வேண்டும்.

கீரையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஓடும் தண்ணீரில் இலை இலையாக அலசுங்கள். 2017இல் அமெரிக்காவில் ஆப்பிளை ஆப்பச் சோடா தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தார்கள். 12 முதல் 15 நிமிடத்தில் தோல் மேலிருந்த மருந்து போனது, உள்ளே இறங்கியது போகவில்லை. இதெல்லாம் மருந்து அடித்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, பணம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, இல்லாத திறனை இருப்பதாகச் சொல்லி விற்பது குற்றம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனு போடலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் விற்றவரின் பெயரும் முகவரியும் இல்லாமல் மனு நகராது. ரசீது வாங்கவில்லை என்றால், அடுத்த சந்தைக்கு அவர் வரும்போது கடைப் பலகையையும் வேன் எண்ணையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். டார்ச்சைப் பெட்டியோடு பத்திரமாக வையுங்கள்.