பூச்சி மாத்திரைக்கு அடங்காத வயிற்றுப்போக்கு

கேள்வி: கொருக்குப்பேட்டையில் குடியிருக்கிறோம். அடிபம்பில் பிடிக்கும் தண்ணீரை டிரம்மில் ஊற்றி, குளோரின் மாத்திரை போட்டுத்தான் குடிக்கிறோம். அப்படியும் என் ஆறு வயது மகனுக்கு மூன்று வாரமாக வயிற்றுப்போக்கு. காய்ச்சல் இல்லை. மலம் எண்ணெய்ப் பிசுக்காக, கடும் நாற்றத்துடன் போகிறது. பூச்சி மாத்திரை இரண்டு முறை கொடுத்தும் நிற்கவில்லையே, ஏன்?

பதில்: மலம் எப்படிப் போகிறது என்று நீங்கள் கவனித்து எழுதியது பெரிய உதவி. ரத்தமும் சளியுமாகப் போயிருந்தால் சீதபேதி என்று அமீபாவையும் சந்தேகித்திருப்பேன். நீங்கள் சொல்லும் பிசுக்கும் நாற்றமும், வாரக்கணக்கில் இழுப்பதும் ஜியார்டியாவின் பக்கம் கைகாட்டுகின்றன. இது ஒரே செல்லால் ஆன ஒட்டுண்ணி. சிறுகுடலின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, சாப்பாட்டில் உள்ள கொழுப்பு உடம்பில் சேராமல் கெடுக்கும். நீங்கள் பார்த்த பிசுக்கு அந்தக் கொழுப்புதான். நன்றாகச் சாப்பிடும் பிள்ளைகூட இதனால் இளைத்துப்போகும்.

பூச்சி மாத்திரை குடற்புழுக்களுக்கானது. ஒரே வேளையாகக் கொடுக்கும் அந்த அளவுக்கு ஜியார்டியா அடங்காது. மூன்றாம் முறை கொடுக்க வேண்டாம். மருந்துக்கடையில் ஜியார்டியாவுக்கான மெட்ரோனிடசோல் மருந்தைக் கேட்டு வாங்கி, இரண்டு நாள் கொடுத்து நிறுத்துவதும் கூடாது. முதலில் மலப் பரிசோதனை செய்யுங்கள். உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை தொலைவில்லை. ஒருமுறை பார்த்து ‘கிருமி இல்லை’ என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். இந்த ஒட்டுண்ணி எல்லா நாளும் மலத்தில் வெளிப்படாது. வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரிகள் கொடுப்பதே சரி.

மாத்திரை போட்டும் இப்படி ஆகிவிட்டதே என்று உங்களை நொந்துகொள்ளாதீர்கள். குளோரின் காலரா, டைபாய்டு கிருமிகளைச் சீக்கிரம் கொன்றுவிடும். ஜியார்டியாவோ குடலைவிட்டு வெளியேறும்போது கெட்டியான ஓட்டுக்குள் அடங்கிக்கொள்வதால் குளோரினை நெடுநேரம் தாங்கும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொன்று அதைவிட முரடு. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், குளோரின் கலந்து வந்த குழாய்த் தண்ணீரைக் குடித்தே சுமார் 4 லட்சம் பேர் அதனால் படுத்தார்கள்.

இரண்டும் கொதிநீருக்குத் தாங்காது. ஆவி வந்ததும் இறக்கிவிடாமல், தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். ஆறியதை மூடியும் குழாயும் உள்ள பாத்திரத்தில் வையுங்கள். சொம்பை உள்ளே விட்டு மொள்ள வேண்டாம். பல் துலக்கவும் அந்தத் தண்ணீரையே கொடுங்கள். முறைவைத்துத் தண்ணீர் விடும் தெருக்களில், அடிபம்போடு இணைந்த குடிநீர்க் குழாய் காலியாக இருக்கும்போது பம்பை அடித்தால் விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடையும் உறிஞ்சப்படலாம். ஆகவே முதலில் வரும் சில குடங்களைக் குடிக்க எடுக்காதீர்கள். நாற்றமோ கலங்கலோ இருந்தால் குடிநீர் வாரியத்தில் புகார் கொடுங்கள். உங்கள் தெருவில் வேறு பிள்ளைகளுக்கும் இதே தொல்லை இருக்கலாம்.

பரிசோதனை முடிந்து மருத்துவர் தரும் மருந்தில் குணமாகும்வரை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு பெரிய பாக்கெட் ஓ.ஆர்.எஸ். கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வாருங்கள். கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

மருந்து முடிந்த பிறகும் பால் குடித்தால் சில வாரங்கள் வயிறு பொருமலாம், இளகியும் போகலாம். புண்பட்ட குடல் ஆறும்வரை பால் சர்க்கரை செரிக்காது, அவ்வளவுதான். நோய் திரும்பிவிட்டது என்று நீங்களாகவே மறுபடி மாத்திரை கொடுத்துவிடாதீர்கள்.