99 சதவீதத்தில் நின்றுபோன ஃபைல்: கேள்வி பதில்

மெதுவான நெட்டில் பெரிய ஃபைல் அனுப்புவது பற்றிக் கேளுங்கள் என்றேன், குவிந்துவிட்டது. டிடிபி சென்டர் வைத்து, போன் லைன் வழியாக நெட் வந்த டயல்-அப் காலத்திலேயே சிவகாசி அச்சகங்களுக்கு ஃபைல் அனுப்பிக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். அந்தத் தகுதியில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், எங்கள் பிளான் 40 எம்பிபிஎஸ். ஆனால் 1 ஜிபி வீடியோவை ஏற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: அந்த 40 டவுன்லோடுக்கு. பல இணைப்புகளில் அப்லோடு அதில் சின்னப் பங்குதான். ஸ்பீட் டெஸ்டில் இரண்டாவதாக வரும் எண்ணைப் பாருங்கள். அது 2 என்று வைத்துக்கொள்வோம். அதுவும் மெகாபிட் கணக்கு; எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எட்டால் வகுத்தால் நொடிக்குக் கால் எம்பி. 1 ஜிபிக்கு 4,000 நொடி, அதாவது 67 நிமிஷம். உங்கள் கணக்கு சரியாக வந்துவிட்டது.

கேள்வி: அண்ணா, தேனியில் கல்யாண போட்டோகிராபர் நான். 8 ஜிபி போட்டோவை ஜிப் பண்ணி பிரவுசரில் ஏற்றினேன். ராத்திரி முழுக்க ஓடி, 99 சதவீதத்தில் கரண்ட் போய்விட்டது. திரும்பப் பார்த்தால் பூஜ்ஜியத்தில் நிற்கிறது!

பதில்: வயிறு எரியும், தெரியும் தம்பி. எனக்கும் இதே கதை நடந்தது. சிவகாசிக்கு அனுப்ப ஒரு காலண்டர் டிசைன், 20 எம்பி. டயல்-அப்பில் நொடிக்கு 5 கேபி வந்தாலே பெரிய விஷயம்; ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். முக்கால்வாசி போயிருக்கும், பக்கத்து ரூமில் அம்மா யாருக்கோ போன் பண்ண ரிசீவரை எடுத்தார். லைன் கட். அடுத்த தடவை விசாரிக்க வந்த கஸ்டமரின் போன். மூன்றாவது தடவை முயற்சிக்காமல் சிடியில் எழுதி, சிவகாசி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன்.

நெட் மெதுவாக இருப்பது பிரச்சினையே இல்லை. போனது போனதாக நிற்க வேண்டும், அதுதான் விஷயம். 8 ஜிபியை ஒரே மூட்டையாகக் கட்டியது முதல் தப்பு. போட்டோ ஃபைலான ஜேபெக் ஏற்கெனவே சுருக்கப்பட்டது, அதை ஜிப் பண்ணினால் அளவு குறையவே குறையாது. ஜிப் இல்லாமல் ஃபோல்டராகவே விடுங்கள். பிரவுசர் வேண்டாம், கூகுள் டிரைவின் டெஸ்க்டாப் ஆப் போதும்; அறுந்தால் அந்த ஒரு போட்டோதான் திரும்பப் போகும், முன்னால் போனவை அப்படியே இருக்கும்.

வீடியோ மாதிரி ஒரே பெரிய ஃபைல் என்றால் செவன்-ஜிப் என்ற மென்பொருளில் 100 எம்பி துண்டுகளாக வெட்டுங்கள். 2 எம்பிபிஎஸ்ஸில் ஒரு துண்டுக்கு ஏழு நிமிஷம்கூட ஆகாது. கரண்ட் போனாலும் நஷ்டம் அவ்வளவுதான். வாங்குபவர் எல்லாத் துண்டையும் ஒரே ஃபோல்டரில் வைத்து 001 என்று முடிவதைத் திறந்தால் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

இன்னொன்று. ஆல்பத்துக்குப் படம் பொறுக்க பெண் வீட்டாருக்கு ஒரிஜினல் எதற்கு? 1,600 பிக்சலுக்குக் குறைத்து அனுப்புங்கள், 10 எம்பி படம் சில நூறு கேபிக்கு வந்துவிடும். ஒரிஜினலை ஆல்பத்தோடு பென்டிரைவில் கொடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஜிமெயிலில் 25 எம்பி வரை போகும் என்கிறார்கள். என் 20 எம்பி பிடிஎஃப் ஏன் போகவில்லை?

பதில்: மெயில் என்பது எழுத்துக்காகப் பிறந்தது. ஃபைலை எழுத்தாக மாற்றித்தான் அனுப்பும். மூன்று பைட் நான்கு எழுத்தாகிறது. 20 எம்பி அங்கே 27 ஆகிவிடும். ஸ்கேன் பண்ணிய பிடிஎஃப் என்றால் 600 டிபிஐ கலரை 300 டிபிஐ கறுப்பு-வெள்ளையாக்குங்கள். படிக்க அதுவே தாராளம்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் போட்டோ மங்கலாகப் போகிறதே?

பதில்: டாக்குமென்ட்டாக அனுப்புங்க அக்கா.

கேள்வி: ஆராய்ச்சி மாணவி நான். ஹாஸ்டலிலிருந்து காலேஜ் சர்வருக்கு தினமும் எஸ்சிபி என்ற காப்பி கட்டளையில் டேட்டா அனுப்புகிறேன். கொஞ்சம் மாறினாலும் மொத்த ஃபைலும் திரும்பப் போகிறது.

பதில்: ஆர்சிங்க் (rsync) என்ற மென்பொருளுக்கு மாறும்மா. ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மேக்கெராஸும் 1996-ல் வெளியிட்டது, இன்றைக்கும் இதற்கு ஈடு எனக்குத் தெரிந்து இல்லை. அந்தப் பக்கம் இருக்கும் பழைய ஃபைலைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன அடையாள எண் போட்டு வாங்கிக்கொள்ளும். இந்தப் பக்கம் அந்த எண்களோடு ஒப்பிட்டு, மாறிய இடத்தை மட்டும் அனுப்பும். கட்டளையில் ஹைஃபனும் பெரிய எழுத்து பி-யும் (-P) சேர்த்துக்கொள். பாதியில் அறுந்தாலும் போன பாதியைத் தூக்கிப் போடாது. ஜிப் பண்ணி அனுப்பாதே. உள்ளே ஒரு வரி மாறினாலும் ஜிப் ஃபைல் அதன் பின் முழுக்க மாறிவிடும், ஆர்சிங்க் பாவம் என்ன செய்யும்?

கேள்வி: நான் அப்லோடு போட்டால் பொண்ணின் ஆன்லைன் கிளாஸ் சிக்குகிறது. அவள் டவுன்லோடுதானே செய்கிறாள்?

பதில்: கிளாஸில் அவள் முகமும் குரலும் மேலே போக வேண்டுமே! வெறும் டவுன்லோடு என்றாலும், "வந்துசேர்ந்தது" என்று அவள் கம்ப்யூட்டர் பதில் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் அப்லோடு வாசலை அடைத்து நின்றால் அந்தப் பதில் வரிசையில் மாட்டிக்கொள்ளும். டிரைவ் ஆப் செட்டிங்ஸில் அப்லோடு வேகத்துக்கு வரம்பு உண்டு. உங்கள் அப்லோடில் முக்கால் பங்குக்கு மேல் விடாதீர்கள்.

கேள்வி: வால்பாறையில் இருக்கிறோம். 500 ஜிபி வீடியோ சென்னைக்குப் போகணும், அப்லோடு 2 எம்பிபிஎஸ். என்ன வழி?

பதில்: விடாமல் ஓடினால் 23 நாள். 2009-ல் தென்னாப்பிரிக்காவில் ஒரு கம்பெனி வின்ஸ்டன் என்ற புறாவின் காலில் 4 ஜிபி மெமரி கார்டு கட்டி டர்பன் நகருக்குப் பறக்கவிட்டது. புறா சேர்ந்து, கார்டிலிருந்து காப்பி எடுத்து முடிக்க இரண்டு மணி நேரம் சொச்சம். அதற்குள் போன் கம்பி வழியாக வரும் ஏடிஎஸ்எல் இணைப்பில் போனது 4 சதவீதம்தான்! உங்களுக்குப் புறா வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கில் பாஸ்வேர்டு பூட்டுப் போட்டு ஏற்றுங்கள், ஒரு காப்பி வீட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஷா-256 எண் (ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) எடுத்து அந்தப் பட்டியலை மட்டும் மெயிலில் அனுப்புங்கள், அங்கே சரிபார்த்துக்கொள்வார்கள். பஸ்ஸில் கொடுத்தனுப்பினால் பஸ் நம்பரையும் கண்டக்டர் போன் நம்பரையும் வாங்கிவிடுங்கள். அன்றைக்கு நான் வாங்கவில்லை, சிவகாசி பஸ் ஸ்டாண்டில் அச்சகத்துப் பையன் மூன்று பஸ் ஏறி இறங்கித் தேடினான்.